பின் கண்ணாடி

எங்கள் தீவுக்கு அணி கிடையாது.
ஆறு அணி, ஆறு கொடி.
செயின்ட் வின்சென்டுக்கு இலை போடவில்லை.
பந்தி நடக்கும் வீட்டு வாசலில்
வாசனை பிடித்து நிற்பவர்கள் நாங்கள்.

ஆனாலும் ஆகஸ்ட் வந்துவிட்டால்
என் வேனின் பின் கண்ணாடி சும்மா இருக்கக் கூடாது.
லிட்டில் டோக்கியோ நிறுத்தத்தில்
ஒவ்வொரு வண்டியும் ஒரு கொடியை ஒட்டிக்கொண்டு நிற்கும்.
ஒட்டாத வண்டியில் ஏறுகிறவர்கள்
சாண்டி பே போய்ச் சேரும் வரை
என்னைத்தான் குடைவார்கள்.

நான் அணி பார்த்து ஒட்டியவன் அல்ல,
பையனைப் பார்த்து ஒட்டியவன்.
டாரியன் பாலண்டைன், எங்கள் ஊர்.
தென்னை மட்டையை ஸ்டம்பாக நட்டு
கறுப்பு மணலில் யார்க்கர் பழகியவன்.
கயானா எடுத்தது; பச்சை ஒட்டினேன்.
மறுவருடம் செயின்ட் கிட்ஸ்;
சுரண்டிவிட்டுச் சிவப்பு.
அதற்கடுத்து ட்ரினிடாட்.
எட்டு ஆட்டமும் வெளியே உட்காரவைத்தார்கள்.
எட்டு ஆட்டமும் அவர்களுக்காகக் கத்தினேன்,
தண்ணீர் பாட்டிலோடு அவன் உள்ளே ஓடும்போது
கொஞ்சம் கூடுதலாக.

இந்த வருடம் அவனை யாரும் எடுக்கவில்லை.
முழங்கால்.
கண்ணாடியில் மூன்று வருடப் பசை.
மழை நாளில் அதன் வழியே பார்த்தால்
பின்னால் வருவது பஸ்ஸா மாடா தெரியாது.

ஜோஸ்லின் சொன்னாள்: ட்ரினிடாடையே ஒட்டு,
என் அண்ணன் அங்கிருந்து பீப்பாய் அனுப்புகிறான்,
அரிசி, சோப்பு, உனக்குச் செருப்பு,
நன்றி வேண்டாமா?
சின்னவனுக்கு செயின்ட் லூசியா.
அந்தச் சட்டையின் நீலம் பிடித்திருக்கிறது,
வேறு காரணம் இல்லை.
அவனைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது.

மடியில் சேப்பங்கிழங்கு மூட்டையோடு
அயோனா பின் இருக்கையிலிருந்து சொன்னாள்:
"பார்படோஸ் ஒட்டு."
வேனே சிரித்தது.
பார்படோஸா?
நம்மைச் சின்னத் தீவுக்காரர்கள் என்று
மூக்கைத் தூக்கிக்கொண்டு சொல்கிறவர்களா?

"அந்த ஏப்ரல் மறந்துபோச்சா?
மலை நம்மது, வெடிச்சதும் நம்மது.
சாம்பல் நூறு மைல் போய்
அவங்க காயப்போட்ட வெள்ளைத் துணி மேல விழுந்துச்சு.
பகல்ல விளக்கு போட்டுக்கிட்டாங்க.
கூரையைக் கழுவினாங்க,
கழுவின கையோட நமக்குத் தண்ணி கேன் ஏத்திவிட்டாங்க.
நம்ம குப்பையை அள்ளினவங்களுக்கு
ஒரு வருஷம் கை தட்டினா
உன் கை என்ன தேஞ்சா போகும்?"

யாரும் வாய் திறக்கவில்லை.
அன்று இந்த வேனில் இருபத்து மூன்று பேர், ஓர் ஆடு.
வைப்பர் சாம்பலை அரைத்து அரைத்து
முன் கண்ணாடியில் போட்ட பிறைக் கீறல்
வெயில் சாயும் நேரம் இன்னும் மின்னும்.

மறுநாள் ஒட்டினேன். நீலம், மஞ்சள்,
நடுவே திரிசூலம். பதினைந்து டாலர்.
கொஞ்சம் கோணல்தான்.

முதல் ஆட்டம்.
எண்பத்தெட்டுக்கு ஆல் அவுட்.
"நல்ல அணியாப் பார்த்துப் பிடிச்சே!"
இறங்கும்போது சில்லறையோடு
ஆளுக்கு ஒரு வசவும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
அயோனா அன்று வரவில்லை, தப்பித்தாள்.
ரேடியோவை அணைக்கச் சொன்னார்கள்.
அணைக்கவில்லை.

எதிரணிக்கு இன்னும் இருபது தேவை,
கையில் ஓவர் ஏராளம்.
தோற்றது என்று எல்லோருக்கும் தெரியும்,
எனக்கும்.
ஆனால் அடுத்த பவுண்டரிக்கு
என் வயிறு எரிந்தது.
மூன்று வருடம் மூன்று கொடிக்கு எரியாத வயிறு.
ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்,
ஹாரன் அலறி
பைரா மேட்டில் ஒரு கோழி பறந்தது.

முன் இருக்கையில் பாலண்டைன்,
முழங்காலுக்கு மருந்து கட்டிக்கொண்டு
ஊர் திரும்பிக்கொண்டிருந்தான்.
"ஷார்ட் போடாதே," என்றான்
ரேடியோவிடம், மெதுவாக.
"காலடியில. காலடியில போடு."
கையில் யாரோ கொடுத்த ஆரஞ்சு.
இரண்டு விரலால் அதைத் திருப்பித் திருப்பி
தையல் எங்கே என்று
தேடிக்கொண்டே வந்தான்.